சிகாகோவில் பிளந்த கட்சி



ரூஸ்வெல்ட் என்றதும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அமெரிக்காவை நடத்திச் சென்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அவரை அல்ல. அவருக்கு முன்பே அந்நாட்டை ஆண்ட, அவருக்குத் தூரத்து உறவினரான தியோடர் ரூஸ்வெல்ட்டை! அவர் கண்மூடி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் கட்சி வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் அவர் கதையை ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும். 1904-இல் தன் கட்சிக்கு மாபெரும் வெற்றியைத் தேடித் தந்தவர் அவர். எட்டே ஆண்டில், 1912-இல், அதே கட்சி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்படவும் அவரே காரணமானார். மாற்றான் வந்து வீழ்த்தவில்லை. வேட்பாளர் யார் என்று வீட்டுக்குள் மூண்ட சண்டை, வீட்டையே இரண்டாக்கியது.

சண்டை மூண்டதால் மட்டும் வீடு உடைந்ததா? அதைத்தான் பார்க்கவேண்டும். கட்சிக்குள் போட்டி வந்தாலே கட்சி அழிந்துவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. எவ்வளவு போட்டி நடந்தாலும் தேர்தல் நாளில் எல்லாரும் தானாக வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று பேசுகிறவர்களும் உண்டு. இரண்டும் அரைகுறைப் பேச்சு என்பதை இந்த ஒருவரின் வாழ்க்கையே காட்டும்.

1858 அக்டோபர் 27-இல் நியூயார்க் நகரில் செல்வர் வீட்டில் பிறந்தார். பிள்ளைப் பருவத்தில் ஆஸ்துமா. இரவெல்லாம் மூச்சுத் திணறி உட்கார்ந்திருந்த சிறுவன், உடற்பயிற்சியால் உடலை முறுக்கேற்றிக்கொண்டான். ஹார்வர்டில் படித்து முடித்த கையோடு, 1881-இல், 23 வயதில் நியூயார்க் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தொழிலாளியின் துயர் எங்கே தெரியப்போகிறது என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆனால் சாமுவேல் கோம்பர்ஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர், அந்த இளைஞரைச் சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்கு அழைத்துச் சென்றார். சமைப்பதும் உறங்குவதும் புகையிலை காயவைப்பதும் குழந்தை பெறுவதும் ஒரே அறையில்! கண்டவர் அதிர்ந்தார். குடியிருப்பில் சுருட்டுத் தொழில் நடத்தக்கூடாது என்ற மசோதாவை ஆதரித்துப் பேசினார். சட்டம் வந்தது, நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சொத்துரிமை பெரிதா, சுவாசிக்கும் உரிமை பெரிதா என்ற கேள்விக்கு அந்நாளைய நீதிபதிகள் அளித்த விடை அது.

1884 அவருக்குக் கொடிய ஆண்டு. பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில், ஒரே நாளில், தாயும் மனைவியும் இறந்தனர். மனைவி பிள்ளை பெற்று இரண்டே நாள். அந்தத் துயரோடுதான் ஜூன் மாதம் சிகாகோ நகரில் கூடிய குடியரசுக் கட்சியின் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போனார். இந்த மாநாட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கட்சியின் வேட்பாளராக முன்னிறுத்தப்பட்டவர் ஜேம்ஸ் பிளெய்ன். அவர்மீது ஊழல் கறை இருந்தது. ரூஸ்வெல்ட்டும் சீர்திருத்த நண்பர்களும் அவரை எதிர்த்துக் கடுமையாகப் போராடினர், தோற்றனர். தோற்றபின் நண்பர்கள் பலர் கட்சியைவிட்டு வெளியேறி, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் குரோவர் கிளீவ்லாண்டுக்கு வாக்கு கேட்கக் கிளம்பினார்கள். ரூஸ்வெல்ட் போகவில்லை! மனம் கசந்தாலும், மாநாடு முடிவு செய்துவிட்டது என்று தலைவணங்கி, பிளெய்னுக்காகப் பிரசாரமும் செய்தார். நண்பர்கள் தூற்றினர், தாங்கிக்கொண்டார். கிளீவ்லாண்ட் நியூயார்க் மாநிலத்தை ஆயிரத்துச் சில்லறை வாக்குகளில் வென்று குடியரசுத் தலைவரானார். வெளியேறிய ஒரு சிறு கூட்டம் கட்சியையே கவிழ்க்கப் போதும் என்பதை 25 வயதில் கண்ணெதிரே கண்டவர் ரூஸ்வெல்ட்.

அதன்பின் அவர் ஏறிய படிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1886-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் மூன்றாம் இடம். அரசுப் பணித் தேர்வுக் குழுவில் ஆறாண்டு. நியூயார்க் போலீஸ் ஆணையர். கடற்படைத் துறைத் துணைச் செயலாளர். 1898-இல் கியூபாவில் ஸ்பெயினை எதிர்த்துப் போர்க்களம். திரும்பியதும் நியூயார்க் ஆளுநர். அங்கே கட்சி முதலாளிகளுக்குத் தலைவலியாக இருந்தார் என்பதற்காகவே, அதிகாரம் எதுவுமற்ற துணைக் குடியரசுத் தலைவர் பதவியில் அவரை உட்காரவைத்தார்கள். ஒழிந்தது தொல்லை என்று அவர்கள் மூச்சுவிட்ட சில மாதங்களில், 1901 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். 42 வயதில் ரூஸ்வெல்ட் நாட்டின் தலைவரானார்!

நாடாண்ட காலத்தில் அவர் செய்தவற்றில், உழைப்பாளித் தோழர்கள் அறியவேண்டியது 1902-ஆம் ஆண்டு நிலக்கரி வேலைநிறுத்தம். பென்சில்வேனியா சுரங்கங்களில் ஒன்றரை லட்சத்தை நெருங்கும் தொழிலாளர்கள் மே மாதம் வேலையை நிறுத்தினர். குளிர்காலம் நெருங்கியது. அடுப்புக்குக் கரியில்லை. அதற்கு முன்னெல்லாம் இத்தகைய வேளையில் அரசு என்ன செய்தது? பட்டாளத்தை அனுப்பித் தொழிலாளியை அடக்கியது. 1894-இல் ரயில் தொழிலாளர் மீது கிளீவ்லாண்ட் செய்தது அதுதான். ரூஸ்வெல்ட், தொழிலாளர் தலைவரையும் முதலாளிகளையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டார். முதலாளிகள் முறுக்கிக்கொண்டார்கள். பட்டாளத்தை அனுப்பிச் சுரங்கத்தை அரசே நடத்தும் என்ற நிலைக்கு அவர் வந்தபின்தான் இறங்கிவந்தார்கள். நடுவர் குழு அமைந்தது. 10 விழுக்காடு கூலி உயர்வு. பலருக்கு வேலைநேரம் பத்து மணியிலிருந்து ஒன்பதாகக் குறைந்தது. சங்கத்துக்கு ஏற்பு மட்டும் கிடைக்கவில்லை. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால், அரசாங்கத்தின் துப்பாக்கி தொழிலாளியின் மார்புக்கு நேராகத் திரும்பாத முதல் பெரிய வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்வார்கள். பென்சில்வேனியாவை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

1904 தேர்தலில் தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 336, எதிரிக்கு 140. வெற்றிக் களிப்பில் அன்றிரவே, மறுமுறை நிற்கமாட்டேன் என்று அறிவித்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே கட்டிக்கொண்ட விலங்கு! 1908 வந்தது. சொல்லைக் காப்பாற்றினார். தன் அமைச்சரவையில் போர்த்துறை கவனித்த நண்பர் வில்லியம் டாஃப்டைத் தன் வாரிசாகக் கைகாட்டினார். டாஃப்ட் 76 லட்சத்துக்கும் மேல் வாக்குப் பெற்று, ஜனநாயகக் கட்சியின் பிரையனை வென்றார். வாரிசை அரியணையில் அமர்த்திவிட்டு, 1909-இல் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போனார்.

திரும்பிவந்தபோது நண்பர் மாறியிருந்தார். அல்லது மாறாமலே இருந்தார், இவருக்குத்தான் அப்படித் தோன்றியது. சீர்திருத்தக்காரர்கள் எதிர்த்த சுங்கவரிச் சட்டத்தில் டாஃப்ட் கையெழுத்திட்டார். காடுகளைக் காத்த பின்ஷோ என்ற ரூஸ்வெல்ட்டின் அணுக்க நண்பரைப் பதவிநீக்கினார். 1911-இல் எஃகு நிறுவனத்தின்மீது டாஃப்ட் அரசு தொடுத்த வழக்கில், ரூஸ்வெல்ட் தன் ஆட்சியில் அளித்த அனுமதியே தவறு என்று தொனித்தது. கொள்கை வேறுபாடும் இருந்தது, தன்மானப் புண்ணும் இருந்தது. எது எத்தனை பங்கு என்று தராசில் நிறுத்துச் சொல்ல என்னால் ஆகாது. 1912 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் களத்தில் குதித்தார்: கட்சியின் வேட்பாளர் டாஃப்ட் அல்ல, நானே!

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அமெரிக்காவில் அதுவரை வேட்பாளரை மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்தனர். பிரதிநிதிகளைப் பெரும்பாலும் கட்சி முதலாளிகள் தேர்ந்தெடுத்தனர். இதை மாற்றி, கட்சிக்கு வாக்களிக்கும் மக்களே வேட்பாளர் யார் என்று முன்கூட்டி வாக்களித்துச் சொல்லும் முறை புதிதாக வந்தது. முன்தேர்தல் என்று சொல்லலாம். குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கு அது பரவலாக நடந்த முதல் ஆண்டு 1912. ஆனால் பத்துப் பன்னிரண்டு மாநிலங்களில் மட்டுமே! மற்ற இடங்களில் பழைய முறையே.

அந்த மூன்று மாதங்களில் நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. பழைய நண்பர்கள் இருவர் ஒரே மாநிலத்தில் ரயிலேறிப் போய், ஊர் ஊராக ஒருவரையொருவர் ஏசினர். மாசசூசெட்ஸில் ஒரு கூட்டத்தில் ரூஸ்வெல்ட்டைத் தாக்கிப் பேசிவிட்டு ரயில் பெட்டிக்குத் திரும்பிய டாஃப்ட், தனித்து உட்கார்ந்து அழுதார் என்று உடன்சென்ற செய்தியாளர் எழுதிவைத்திருக்கிறார். எதிர்க்கட்சிக்காரன் சொல்லக் கூசும் சொற்களைச் சொந்தக் கட்சிக்காரனே சொல்லிவிட்டால், பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிக்கு வேறு பிரசாரகர் எதற்கு?

முடிவு என்ன? முன்தேர்தல்களில் ரூஸ்வெல்ட்டுக்கு 11½ லட்சத்துக்கு மேல். டாஃப்டுக்கு 7½ லட்சத்துக்குச் சற்று மேல். மூன்றாமவரான லாஃபாலெட்டுக்கு 3 லட்சத்துக்குச் சற்று மேல். டாஃப்ட் பிறந்த மாநிலமான ஒஹையோவே ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தது. தொண்டன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

ஜூன் 18-இல் மாநாடு கூடியது. எங்கே? அதே சிகாகோவில்! மேடையைச் சுற்றிய கொடித் துணிக்கு அடியில் முள்கம்பி சுற்றியிருந்தார்கள். எதிரிக்கு அஞ்சியா? சொந்தப் பிரதிநிதிகளுக்கு அஞ்சி! 1,078 பிரதிநிதிகளில் 254 பேரின் இடம் வழக்கில் இருந்தது. தீர்ப்புச் சொல்லும் தேசியக் குழு டாஃப்டின் ஆட்கள் கையில். 254-இல் 235 டாஃப்டுக்கு, 19 ரூஸ்வெல்ட்டுக்கு என்று பங்கிட்டார்கள். இன்னொன்று: தென்மாநிலங்களில் குடியரசுக் கட்சிக்கு வாக்கே கிடையாது, ஆனால் பிரதிநிதிகள் மட்டும் ஏராளம். அரசு வேலை பெற்றவர்களும் எதிர்பார்த்தவர்களுமான அவர்கள், ஆளும் தலைவர் கைகாட்டும் பக்கம் எழுந்து நிற்பவர்கள். அவர்கள் டாஃப்ட் பக்கம் நின்றார்கள்.

ரூஸ்வெல்ட் திருட்டு என்று முழங்கினார். அந்த முழக்கத்தில் உண்மை இருந்தது. ஆனால் முழு உண்மை அல்ல. அவர் தரப்பு எழுப்பிய வழக்குகளில் பல வலுவற்றவை என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. அதைவிட, 1908-இல் டாஃப்டை வேட்பாளராக்க அதே தென்மாநிலப் பிரதிநிதிகளை அணிதிரட்டியவர் யார்? சாட்சாத் ரூஸ்வெல்ட்தான்! தான் ஓட்டியபோது தேராகத் தெரிந்தது, பிறர் ஓட்டியபோது திருட்டு வண்டியாகத் தெரிந்தது. அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இதை மறைத்துவிட்டு அவர் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

டாஃப்ட் 561 வாக்குகளில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 107 பேர் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்தனர். அவர் ஆட்கள் 344 பேர், அவர் சொற்படி, இருக்கையில் இருந்தும் வாக்களிக்கவில்லை. அந்த 344 பேரின் மௌனம்தான் நவம்பர் தேர்தலின் முடிவை ஜூனிலேயே சொல்லிவிட்டது. வாக்களித்துத் தோற்றவன் தோல்வியை ஏற்கிறான். வாக்களிக்கவே மறுப்பவன், மாநாட்டையே ஏற்கவில்லை.

ஆகஸ்டில், மீண்டும் சிகாகோவில், முற்போக்குக் கட்சி பிறந்தது. பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணிநேர வேலை, குழந்தைத் தொழிலுக்குத் தடை, முதுமைக்கும் நோய்க்கும் காப்பீடு என்று அந்நாளில் பலரும் சொல்லத் துணியாத திட்டங்கள்! ஆனால், தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு அந்த மாநாட்டில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வெள்ளையரின் தென்மாநில வாக்கைப் பிடிக்கலாம் என்ற கணக்கு. நீதி கேட்டுப் பிறந்த கட்சி, பிறந்த அன்றே வாசலில் வைத்துச் சிலரைப் பிறப்பால் தள்ளியது. கணக்கும் பலிக்கவில்லை. தென்மாநிலம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அக்டோபர் 14. மில்வாக்கி நகரில் ஒருவன் அவரைச் சுட்டான். சட்டைப் பையிலிருந்த மடித்த 50 பக்கப் பேச்சையும் கண்ணாடிக் கூட்டையும் துளைத்துக்கொண்டு குண்டு மார்பில் தங்கியது. இரத்தம் சட்டையை நனைக்க, மருத்துவமனைக்குப் போகாமல் மேடைக்குப் போய், ஒரு மணிநேரத்துக்கு மேல் பேசினார்! வீரத்தில் குறைவில்லை. வீரத்தால் மட்டும் வாக்குக் கணக்கு மாறிவிடுமா?

நவம்பர் 5-இல் நாடு வாக்களித்தது. ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் 62.9 லட்சம், ரூஸ்வெல்ட் 41.2 லட்சம், டாஃப்ட் 34.8 லட்சம், சோஷலிஸ்ட் டெப்ஸ் 9 லட்சம். தேர்வாளர் வாக்குகளில் வில்சனுக்கு 435, ரூஸ்வெல்ட்டுக்கு 88. ஆட்சியில் இருந்த டாஃப்டுக்கு எட்டே எட்டு!

இப்போது கூர்ந்து பாருங்கள். 1908-இல் தோற்ற பிரையன் வாங்கியது 64 லட்சம். 1912-இல் வென்ற வில்சன் வாங்கியது அதைவிட ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. வென்ற கட்சி வளரவே இல்லை! ரூஸ்வெல்ட், டாஃப்ட் இருவர் வாக்கையும் கூட்டினால் 76 லட்சம்; அது ஏறத்தாழ 1908-இல் டாஃப்ட் தனியாகப் பெற்றதே. நான்காண்டில் மக்கள்தொகை கூடியிருந்தது, ரூஸ்வெல்ட்டுக்கு வெளியிலிருந்தும் சில வாக்கு வந்திருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அப்படியும் குடியரசுக் கட்சி வாக்காளன் பெருங்கூட்டமாக எதிரிக் கூடாரத்துக்குப் போய்விடவில்லை என்பது தெளிவு. சிலர் தம் தலைவன் பின்னால் போனார்கள். சிலர் பழைய கொடியின் கீழ் நின்றார்கள். சிலர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 1908-இல் 65 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 59-க்கு இறங்கியது. ரூஸ்வெல்ட் வென்ற ஆறு மாநிலங்களில் பெரியது பென்சில்வேனியா! பத்தாண்டுக்கு முன் சுரங்கத்தில் அவர் காட்டிய நியாயத்தை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

போட்டிதான் இதற்குக் காரணம் என்றால், அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியில் நடந்ததற்கு என்ன பதில்? பால்டிமோர் மாநாட்டில் சாம்ப் கிளார்க் என்பவர் பாதிக்கு மேல் வாக்கு பெற்றுவிட்டார். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது அவர்கள் விதி. 46 சுற்று வாக்கெடுப்பு நடந்து, வேட்புரிமை வில்சனுக்குப் போனது. கைக்கு வந்தது வாய்க்கு எட்டாமல் போன மனிதன் கிளார்க். அவர் மனம் கொதித்தார். ஆயினும் கட்சியை உடைக்கவில்லை. விதி முன்பே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு சுற்றும் எல்லார் கண்முன்னும் எண்ணப்பட்டது. தோற்கடித்தவனைத் திருடன் என்று சொல்ல அவர் ஆட்களுக்கு வழியில்லை. அங்கும் கசப்பு, ஆனால் கசப்பை விழுங்க முடிந்தது. 1884-இல் ரூஸ்வெல்ட் விழுங்கியதைப் போல! 1912-இல் சிகாகோவில் அவரால் விழுங்க முடியாமற் போனதற்குக் காரணம், தொண்டன் அளித்த வாக்கைக் குழு அறையில் கூடியவர்கள் அடித்துவிட்டார்கள் என்ற எண்ணம்.

அந்தப் புண் எவ்வளவு நாள் இருந்தது தெரியுமா? கலிஃபோர்னியாவைக் கேளுங்கள். 1912-இல் அங்கே மாநிலக் கட்சி முழுவதும் ரூஸ்வெல்ட் ஆட்கள் கையில். ஆளும் குடியரசுத் தலைவரான டாஃப்டின் பெயரை வாக்குச்சீட்டிலேயே வரவிடவில்லை. ரூஸ்வெல்ட் 174 வாக்குகளில் அம்மாநிலத்தை வென்றார். சிகாகோவில் தமக்கு இழைக்கப்பட்டதை அங்கே டாஃப்ட் ஆட்களுக்கு இழைத்தார்கள். அவர்கள் மறப்பார்களா? 1916 வந்தது. முற்போக்குக் கட்சி மீண்டும் ரூஸ்வெல்ட்டை நிறுத்தியது; அவர் மறுத்துவிட்டு, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹியூஸை ஆதரித்தார். அவரையே நம்பி வெளியேறிவந்த தொண்டர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஹியூஸ் கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது, சுற்றி நின்றவர்கள் பழைய டாஃப்ட் ஆட்கள். ரூஸ்வெல்ட்டோடு 1912-இல் துணைத்தலைவர் பதவிக்கு நின்ற மாநில ஆளுநர் ஹைரம் ஜான்சன், அதே நாளில், அதே விடுதியில் இருந்தும், இருவரும் சந்திக்காமலே ஹியூஸ் போய்விட்டார். தேர்தலில் செனட்டுக்கு நின்ற ஜான்சன் ஏறத்தாழ 3 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே மாநிலத்தில், அதே நாளில், அதே கட்சியின் ஹியூஸ் நாலாயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றார். கலிஃபோர்னியா கைவிட்டுப் போனதால் நாட்டையே இழந்தார். வில்சனுக்கு 277, ஹியூஸுக்கு 254. தலைவர்கள் சமாதானம் பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது. தொண்டன் மனம் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

தலைவர்கள் இருவரும் மனமார நட்பைப் புதுப்பித்தது 1918 மே மாதத்தில். அதுவும் சிகாகோவில்தான்! விடுதி உணவறையில் ரூஸ்வெல்ட் தனியே உண்டுகொண்டிருந்தார். உள்ளே வந்த டாஃப்ட் நேரே அவர் மேசைக்குப் போனார். இருவரும் தோளைத் தட்டிக்கொண்டு பேசியதைக் கண்டு, உண்டுகொண்டிருந்தவர்கள் எழுந்து கைதட்டினர். ஆறாண்டுக்கு முன் அந்த ஊரில் இதைச் செய்திருந்தால்!

அந்த ஜூலையில் ரூஸ்வெல்ட்டின் கடைசி மகன் குவென்டின், பிரான்ஸில் விமானப் போரில் மாண்டான். தந்தையின் உடலும் அதன்பின் தேறவில்லை. 1919 ஜனவரி 6 அன்று, அறுபது வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. மில்வாக்கியில் பாய்ந்த குண்டு அப்போதும் அவர் மார்புக்குள் இருந்தது. ஆய்ஸ்டர் பே கல்லறையில் மற்றவர்கள் கலைந்தபிறகும் ஒரு பருத்த மனிதர் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் டாஃப்ட்.